பதினோரு விடைத்தாளும் ஒரு முள்வேலியும்

அத்தியாயம் 4

"திருடனைப் பாத்திருக்கேன். திருடிட்டு ஓடுறவனைப் பாத்திருக்கேன். திருடின கதையை ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு இங்கிலீஷ்ல எழுதி, சர்க்காருக்கே அனுப்பி வச்ச பதினோரு பேரை இப்பத்தான்யா பாக்குறேன்!"

விசாரணை அதிகாரி ஏகாம்பரம் மேஜையில் ஓங்கித் தட்டினார். அறந்தாங்கி டிராவலர்ஸ் பங்களாவின் மேஜை அது; வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தட்டு வாங்கி வாங்கிப் பழகியது. அதன்மேல் இருந்த பதினோரு விடைத்தாள்கள்தான் ஒருமுறை எம்பி உட்கார்ந்தன.

எதிரே துப்பறியும் ரெங்கசாமி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ரகசியப் போலீஸாக இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ரகசியம் மட்டும் இவரோடு தங்கிவிட்டது. பதினோரு வருஷமாகக் கீழராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே போர்டு மாட்டிக்கொண்டு, காணாமல் போன மாட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரைக்கும் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் நின்றவன் உதவியாளன் பிச்சை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை நான்கு முறை எழுதி, நான்கு முறையும் இங்கிலீஷில் விழுந்தவன். விடைத்தாள் கட்டைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய வயிற்றுவலி வந்துவிட்டது.

"கேள்வி என்னங்க சார்?" என்றார் ரெங்கசாமி.

"பதினேழாவது கேள்வி. 'கெட்' என்கிற வினைச்சொல்லோட அஞ்சு வேற வேற சின்னச் சொல்லைச் சேத்து அஞ்சு வாக்கியம் எழுதணும். அஞ்சு மார்க்."

பிச்சைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பாவி கேள்விங்களா? கெட்னா 'பெறு'ன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போவேன். பக்கத்துல ஒரு பொடிச் சொல்லு வந்து நின்னதும் ஆளே மாறிப்போவான். கெட் அப்னா எந்திரிப்பான், கெட் ஆன்னா ஏறுவான். கெட் அவுட் மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். ஹெட்மாஸ்டர் அடிக்கடி சொல்லுவாரு."

ஏகாம்பரம் அவனை முறைத்துவிட்டு மேலே இருந்த தாளை எடுத்தார். இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வாசித்து, பிச்சையின் முகத்தைப் பார்த்து இரங்கி, தமிழிலும் சொன்னார்.

"ஒண்ணு, கெட் டவுன். 'நாங்கள் வேகமாக இறங்குகிறோம்.' ரெண்டு, கெட் ஓவர். 'நாங்கள் வரப்பைத் தாண்டுகிறோம்.' மூணு, கெட் த்ரூ. 'நாங்கள் வேலிக்குள் நுழைந்து போகிறோம்.' நாலு, கெட் பிஹைண்ட். 'நாங்கள் கோயிலுக்குப் பின்னால் மறைகிறோம்.' அஞ்சு, கெட் இன். 'நாங்கள் சத்தமில்லாமல் உள்ளே போகிறோம்.' பதினோரு பேரும் இதே அஞ்சு, இதே வரிசை. மூணு தனித்தனி ரூம்ல உக்காந்து எழுதினவங்க. காப்பியடிக்க வழியே இல்லை."

"சரிங்க."

"என்ன சரி? இவங்க பரீட்சை எழுதின பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நான் நடந்தே பாத்துட்டேன். வரப்பு இருக்கு. வேலி இருக்கு. பிள்ளையார் கோயில் இருக்கு. அதைத் தாண்டினா கேள்வித்தாள் கட்டு வச்சிருந்த ஸ்டோர் ரூம். பசங்க போன வழியை அப்படியே எழுதியிருக்காங்க. இது விடைத்தாள் இல்லைய்யா, ஒப்புதல் வாக்குமூலம்!"

"கட்டுல சீல் ஒடைஞ்சிருந்துச்சுங்களா?"

"இல்லை. கெட்டிக்காரத் திருடன் சீலை உடைப்பானா?"

"அம்புட்டுக் கெட்டிக்காரன், திருடின வழியைப் பரீட்சையில எழுதுவானா?" என்றான் பிச்சை. அந்தக் கேள்விக்கு மேஜைதான் இன்னொரு அடி வாங்கியது.

விஷயம் விளையாட்டில்லை. ஸ்டோர் ரூம் சாவி பள்ளிக்கூடப் பியூன் அடைக்கலத்திடம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாவியை இடுப்பிலிருந்து இறக்காத மனிதர். இப்போது சாவியும் இல்லை, வேலையும் இல்லை. பங்களா வராந்தாவில் ஒரு கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நான்கு மணிக்குக் கோப்பு போலீஸுக்குப் போகிறது. போனால் அவருக்கு ஜெயில், பதினோரு பையன்களுக்கும் இரண்டு வருஷம் பரீட்சை வாசலை மிதிக்க முடியாது.

"பையங்க என்ன சொல்றாங்க?" என்றார் ரெங்கசாமி.

"வாயைத் திறந்தாத்தானே! யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டா பதினோரு பேரும் கொழுக்கட்டையை முழுங்கின மாதிரி நிக்கிறாங்க."

"அடைக்கலத்தோட மகளும் இதே பரிச்சை எழுதியிருக்குல்ல? அந்தத் தாளைக் காட்டுங்க."

ஏகாம்பரம் கட்டின் அடியிலிருந்து பன்னிரண்டாவது தாளை உருவினார். பதினேழாவது கேள்வியில் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டிருந்தது. முதலாவதில் கெட் டவுன். ஐந்தாவதில் கெட் இன். நடுவில் மூன்றும் காலி.

ரெங்கசாமி அந்தத் தாளை எடுத்துச் சாப்பாட்டு இலையைப் பார்ப்பதுபோல ஆசையாகப் பார்த்தார்.

"பெத்த மகளுக்கு ரெண்டு. ஊரான் வீட்டுப் புள்ளைகளுக்கு அஞ்சு. எந்த ஊருத் திருடன் சார் இப்படிப் பங்கு வைப்பான்?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு செஞ்ச தந்திரம்."

"தந்திரம்னா அஞ்சையும் காலியா விடலாம். கடைசி மூணை விடலாம். அதென்ன தலையும் வாலும் தெரிஞ்சு நடுவயிறு தெரியாம இருக்குறது?"

ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு. நாலு வரைக்கும் டைம் இருக்கு."

வராந்தாவின் கிழக்கு மூலையில் அடைக்கலத்தின் மகள் சொர்ணவல்லி நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. நேற்று தனியாகப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்து, சைக்கிள் கடை மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி நின்றவள் இவள்தான். 'எங்கப்பா திருடலை. எப்படி என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

"ஏம்மா, வயித்துவலிக்காரி வைத்தியர்கிட்ட வந்துட்டு, வயித்தைத் தொடாதேன்னா எப்படி?" என்று இப்போது பிச்சை கேட்டான்.

"எங்க ஆத்தா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்குங்க."

"எந்த ஆத்தா, புருசன் செயிலுக்குப் போறப்போ மககிட்ட சத்தியம் வாங்குறது?"

சொர்ணவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெங்கசாமி அவளிடம் வேறெதுவும் கேட்காமல், "ஊரு மணமேல்குடிதானே? காலையில எதுல வந்தே?" என்றார்.

"மொத பஸ்ஸுங்க."

"இந்தப் பையங்களும் அதுலதானா?"

"ஆமாங்க. எல்லாம் எங்க பக்கத்துப் பையங்கதான். எப்பவும் அந்தப் பஸ்ஸுலதான் வருவோம்."

வராந்தாவின் மேற்கு மூலையில் பதினோரு பையன்களும் சுவரோரமாக வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ரெங்கசாமி அவர்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை. காலைப் பார்த்துக்கொண்டே முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை நடந்தார். பிறகு குனிந்து, ஒருவன் வேட்டிக் கரையிலிருந்து எதையோ பிய்த்துப் பிச்சையின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னடா இது?"

"நாயுருவி விதைங்க. காட்டுல நடந்தா ஒட்டிக்குமே, சனியன், அது."

"எத்தனை பேரு வேட்டியில இருக்கு?"

பிச்சை பார்த்தான். பதினோரு பேர் வேட்டியிலும் இருந்தது. பதினோரு பேர் முழங்காலுக்குக் கீழேயும் முள் கீறின கோடு, பழசு காய்ந்தும் புதுசு சிவந்தும், பொடியன் கிறுக்கின சிலேட்டு மாதிரிக் கிடந்தது. அவர்களில் பெரியவன் நல்லதம்பி சட்டென்று வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு பாவாடையைப் பாத்தியா?"

"சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்குங்க."

"ஒரே ஊரு. ஒரே பஸ்ஸு. இவங்க மேல மட்டும் காடு எப்படிடா ஏறுச்சு?"

"பஸ்ஸு காட்டுக்குள்ள போச்சுன்னா அந்தப் புள்ள மேலயும்ல ஒட்டணும்..." பிச்சை தலையைச் சொறிந்தான். "புரியலைங்க."

"எனக்குப் பாதி புரியுது. மீதி பாதியை அந்த அதிகாரியை வச்சே புரிஞ்சுக்குவோம்," என்று ரெங்கசாமி உள்ளே போனார்.

ஏகாம்பரத்தைக் கிளப்புவது லேசான வேலையாக இல்லை. அரசு அதிகாரி பஸ்ஸில் போவதா என்றார். வெயில் என்றார். கடைசியில் ரெங்கசாமி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, "சார், நாலாவது வாக்கியத்துல வர்ற கோயிலை நான் காட்டுறேன். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாரு இல்லை. நான் சொன்னது தப்பா இருந்துச்சுன்னா, நாலு மணிக்கு என்னையும் இவனையும் சேத்து ஒப்படைச்சிருங்க," என்றார்.

"என்னைய ஏங்க?" என்றான் பிச்சை.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல, செயில்ல படிச்சுக்கோ."

சர்க்கார் ஜீப் மூவரையும் மணமேல்குடியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஒரே ஒரு நிபந்தனை: தான் யார் என்று ஏகாம்பரம் யாரிடமும் சொல்லக் கூடாது. கேட்டால் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா. வைகாசி முகூர்த்த நாள் அது. ஊரில் பாதிப் பேர் யாருக்காவது பெரியப்பாவாகத்தான் அலைந்துகொண்டிருந்தார்கள்.

கட்டுமாவடியிலிருந்து வந்த ஒன்றரை மணி பஸ் ஏற்கெனவே நிறைமாசமாக இருந்தது. மீன் கூடைகள், தலைவாழை இலைக் கட்டு, இரண்டு நாயனக்காரர்கள், தவில் ஒன்று. அதற்குள் மணமேல்குடிக் கல்யாணக் கூட்டமும் ஏறியது. பஸ்ஸில் நாற்பத்தெட்டு பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்த இடத்திலேயே ஐந்து பேர் சாய்ந்து நின்றார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க! பெரியப்பா, அந்தப் பலாப்பழத்தை ஒட்டி நில்லுங்க!"

சொன்னவன் கண்டக்டர் சேவுகன். நாற்பதைத் தொடும் வயது, காக்கிச் சட்டை, முறுக்கின மீசை, மார்பில் பளபளவென்று பேட்ஜ். ஏகாம்பரம் பலாப்பழத்தை ஒட்டி நின்றார். அந்தப் பழம் ஆண்டிச்சாமி என்ற விவசாயியின் தலையில் இருந்தது. இறக்கிவைக்க இடமில்லாததால் பஸ்ஸுக்குள்ளும் அவர் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

முன்னால் பெண்கள் சீட்டு மட்டும் நெரிசலில்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் நகர்ந்த ஒரு இளவட்டத்தைச் சேவுகன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். பிச்சை அதைப் பார்த்தான், ரெங்கசாமி தான் பார்த்ததைப் பிச்சை பார்த்தானா என்று பார்த்தார்.

நாகுடி தாண்டி நாலைந்து மைல். சாலை வளைகிற இடத்துக்கு முன்னால் ஒரு புளியமரம். பஸ் நின்றது. சேவுகன் படியில் தொங்கியபடி, பட்டாளத்துக்காரன் குரலில் ஒரு சத்தம் போட்டான்.

"கெட் டவுன்!"

ஏகாம்பரம் திடுக்கிட்டார். பஸ்ஸில் வேறு யாரும் திடுக்கிடவில்லை. நின்றுகொண்டிருந்த ஆண்கள் முப்பது பேரும், அணைக்கட்டில் மதகைத் திறந்துவிட்டதுபோல, திமுதிமுவென்று இறங்கினார்கள். இலைக் கட்டு இறங்கியது. தவில் இறங்கியது. ஏகாம்பரம் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சேவுகன் முதுகில் கைவைத்தான்.

"பெரியப்பா, ஒங்களுக்குத் தனியாச் சொல்லணுமா? கெட் டவுன்!"

பஸ் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிப்போனது. ஒரு பையன் மட்டும் பின்னேணியில் தொங்கி, வாயில் கைகுவித்து, சேவுகன் சொல்லிவிட்டுப் போன மிச்சத்தை அறிவித்தான்: "கெட் ஓவர்!"

முப்பது பேரும் வரப்பில் ஏறினார்கள். ஏகாம்பரம் ஏறினார். பின்னால் ரெங்கசாமி தள்ளிய தள்ளலில் ஏறினார் என்று சொல்வதுதான் சரி. வரப்புக்கு அப்பால் கருவேல முள்வேலி. அதில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓர் ஓட்டை, வருஷக்கணக்காக ஆள் போய்ப் போய் வழவழத்துக் கிடந்தது.

"கெட் த்ரூங்க," என்று ஆண்டிச்சாமி மரியாதையாக வழிவிட்டார். "குனிஞ்சு போங்க பெரியப்பா. எடது பக்கம் ஒரு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு எல்லாரும் கொஞ்சம் துணி குடுத்துட்டுத்தான் போவோம்."

பர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஏகாம்பரத்தின் வெள்ளை டிரில் பேண்ட் தன் பங்கைக் கொடுத்துவிட்டது.

"இனி கெட் பிஹைண்ட்," என்றார் ஆண்டிச்சாமி, பலாப்பழம் அசையாமல் ஓடிக்கொண்டே.

அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்குப் பின்னால் முப்பது பேரும் வரிசையாகக் குந்தினார்கள். குதிரையின் வயிற்றுக்கு அடியில் பார்த்தால் தூரத்தில் சாலை தெரிந்தது. சாலையில் செக்போஸ்ட். கான்ஸ்டபிள் ஒருவர் பஸ்ஸுக்குள் தலையை விட்டு, விரல்விட்டு எண்ணி, திருப்தியாகக் கையை ஆட்டினார். பஸ் நகர்ந்தது.

ஏகாம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. ஆண்டிச்சாமியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"நானா? பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லைங்க. கைநாட்டு."

"கெட் த்ரூன்னா என்ன?"

"முள்ளுக்குள்ள பூந்து அங்கிட்டுப் போறதுங்க."

"கெட் ஓவர்?"

"வரப்பு மேல ஏறி அங்கிட்டு எறங்குறது. என்னங்க பெரியப்பா, இப்பத்தானே செஞ்சோம், அதுக்குள்ள மறந்துட்டீங்க?"

ஏகாம்பரம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "எத்தனை நாளா இப்படி?"

"செக்போஸ்ட்டு வந்ததுலேருந்து, ரெண்டு வருசமா. பாவம், பள்ளிக்கூடப் பையங்கதான் தெனம் செய்யுறாங்க. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. இந்த ஒரு பஸ்ஸை விட்டா அவங்களுக்கு வேற ஏது பஸ்ஸு? சேவுகன் ஏத்தலைன்னா படிப்பு அம்புட்டுத்தான்."

"அதை ஏன் இங்கிலீஷ்ல சொல்றான்?"

"தமிழ்ல சொல்லிப் பாத்தாங்க. 'நான் ஏன்டா எறங்கணும், எங்கப்பன் யாருன்னு தெரியுமா'ன்னு அவனவன் சண்டைக்கு வந்தான். இங்கிலீஷ்ல சொன்னா சட்டம்னு நெனச்சுப் பேசாம எறங்கிடுறோம்."

கோயிலுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. "கெட் இன்!" என்று குரல் கேட்டதும் முப்பது பேரும் எழுந்து ஓடினார்கள். பிச்சை ஓடவில்லை. குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ரெங்கசாமியைப் பார்த்தான்.

"முன் சீட்டுல உக்காந்திருந்தா எறங்குறதும் தெரியும், ஏறுறதும் தெரியும். நடுவுல உள்ளது தெரியாது! அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குள்ளயே இருந்திருக்கு!"

"நாலு வாட்டி பெயிலானவன்னு யாருடா சொன்னது ஒன்னைய?"

அறந்தாங்கி பஸ் நிலையத்தில் கூட்டம் இறங்கிப் போனபிறகு ரெங்கசாமி சேவுகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, பெரியப்பா யார் என்று சொன்னார். என்ன விசாரணை என்றும் சொன்னார். சேவுகனுக்குப் பாதியிலேயே முகம் வெளுத்துவிட்டது.

"பையங்க பரிச்சையில இதையா எழுதினாங்க? அதுக்காகவா எங்க அத்தானைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"அத்தானா?"

"அடைக்கலம் எங்க அக்கா புருசங்க. அக்காதான் சொல்லுச்சு, கேள்வித்தாள் களவு போச்சாம், அத்தான் மேல பழி விழுந்திருச்சுன்னு. என்ன எழுதினாங்க, ஏது எழுதினாங்கன்னு ஒருத்தரும் எங்கிட்ட மூச்சு விடலையே!"

பிச்சைக்கு அப்போதுதான் அந்தச் சத்தியம் விளங்கியது. உண்மையைச் சொன்னால் புருஷன் பிழைப்பான், தம்பி வேலை போகும். சொல்லாவிட்டால் தம்பி பிழைப்பான், புருஷன் ஜெயிலுக்குப் போவான். அந்த அம்மாள் இருளாயி மகளின் வாயைக் கட்டினாள், காலைக் கட்டவில்லை. அதனால்தான் மகள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

சேவுகன் பஸ்ஸுக்கு முன்னால் வந்தான். மார்பிலிருந்த பேட்ஜைக் கழற்றினான். பஸ் பானெட்டின்மேல் ஏகாம்பரம் விரித்து வைத்திருந்த கோப்பில் வைத்தான்.

"அத்தானை விட்ருங்க. பட்டாளத்துல வெள்ளைக்கார சார்ஜென்ட்டு எங்களைச் சுவரு ஏற வச்சு, கம்பிவேலியில நொழைய வச்சு, இப்படித்தான் கத்துவான். அவங்கிட்ட கத்துக்கிட்டதை நாந்தான் கத்தினேன். பையங்க மேல தப்பில்லை. ஓவர்லோடு ஏத்தினது நான். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

ஏகாம்பரம் பேட்ஜைப் பார்த்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரு விதியைக்கூட மீறாதவர் என்று பெயரெடுத்தவர். பேனாவைத் திறந்தார்.

"கண்டக்டர் மேல நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்," என்றார்.

"எடுங்க சார்," என்றார் ரெங்கசாமி. "ஆனா சாட்சி வேணும். வேலி நொழைஞ்சவங்கதான் சாட்சி. செக்போஸ்ட்டுக்கு டிமிக்கி குடுத்தவங்களும் அவங்கதான். முப்பது பேரு. மொதல்ல யாரு பேரைப் போடட்டும்? பேண்ட்டுத் துணி வேலியில பத்திரமா இருக்கு, வேணும்னா பிச்சையை விட்டு எடுத்துட்டு வரச் சொல்றேன்."

ஏகாம்பரம் ஒரு கையால் பேண்டின் கிழிசலை மூடிக்கொண்டார். பிறகு பேட்ஜை எடுத்துச் சேவுகனின் கையில் வைத்தார். "குத்திக்கோய்யா," என்றார். "கழட்டி வைக்கிற சாமானா இது?"

அறிக்கையை நின்றபடியே எழுதினார். வினாத்தாள் வெளியாகவில்லை. அந்த ஐந்து சொற்களும் அந்தப் பக்கத்து மக்கள் அன்றாடம் புழங்குபவை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி ஒருவரே அவற்றின் பொருளைப் பிழையின்றிச் சொன்னதை நேரில் கேட்டேன். அடைக்கலம் குற்றமற்றவர், உடனே வேலையில் சேர்க்கப்பட வேண்டும்.

"எந்த எடத்துல வச்சுக் கேட்டீங்கன்னு எழுதலையே சார்," என்றான் பிச்சை.

"அதை யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் ஏகாம்பரம். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்றே முக்காலுக்குப் பங்களா வராந்தாவிலிருந்து கான்ஸ்டபிள் எழுந்து போனார். அடைக்கலம் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அழவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் மகளின் தலையைத் தடவியபடியே இருந்தார். பையன்கள் பதினோரு பேரும் ஓ என்று கத்தினார்கள். வந்தே தீரவேண்டும், வீட்டில் மீன் குழம்பு இருக்கிறது என்று ரெங்கசாமியையும் பிச்சையையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏகாம்பரம் மார்க்கை வாசித்தார். பதினோரு பேரும் பாஸ். பன்னிரண்டாவது தாளுக்கு வந்ததும் குரல் தணிந்தது.

"சொர்ணவல்லி. முப்பத்திரண்டு." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கேயாவது கூட்டலில் தப்பு இருக்காதா என்று. இல்லை. "பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும்மா. மூணு மார்க்ல போச்சு."

அந்த மூன்று மார்க் எங்கே கிடக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வரப்பில் ஒன்று, வேலியில் ஒன்று, குதிரைக்குப் பின்னால் ஒன்று. கூடவே வந்திருந்த சேவுகன் தூணில் சாய்ந்துவிட்டான்.

"அக்கா மகளாச்சே, ஒன் கால்ல முள்ளு குத்தக் கூடாதுன்னுதான் முன் சீட்டுல உக்கார வச்சேன் தாயி," என்றான். "நானே ஒன்னையக் கெடுத்துட்டேனே."

சொர்ணவல்லி அழுவாள் என்று பிச்சை நினைத்தான். நான்கு முறை விழுந்தவனுக்கு அந்த வலி தெரியும். அவள் அழவில்லை. "செப்டம்பர்ல திருப்பி எழுதலாம்ல சார்?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டாள். எழுதலாம் என்றார் அவர்.

நாலரை மணி பஸ்ஸிலும் அதே நெரிசல். கல்யாணக் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் சீட்டில் சேவுகன் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். சொர்ணவல்லி அந்தத் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு, பின்னால் போய்ப் பையன்களோடு நின்றாள்.

"முன்னால வந்து உக்காரு தாயி."

"மாட்டேன் மாமா."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க!"

அடைக்கலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "விடு மாப்ளே. அவ இஷ்டம்," என்றார்.

அய்யனார் கோயில் பக்கம் வந்ததும் பஸ் நின்றது. சேவுகன் படியில் தொங்கினான், வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பின் கூட்டத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல், பஸ்ஸே அதிரும்படி கேட்டது.

"கெட் டவுன்!"

முதலில் குதித்தது சொர்ணவல்லிதான். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்குதிரைகளுக்குப் பின்னால் ஓடினாள். பின்னாலேயே பதினோரு பையன்களும், நாயனமும் தவிலும், ரெங்கசாமியும் பிச்சையும் இறங்கினார்கள். சேவுகன் படியில் எக்கிப் பார்த்து, "மெதுவாப் போ தாயி, இங்கிட்டிருந்து போனா வலது பக்கம் முள்ளு!" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் வேலியின் ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தாள்.